பெயரும் திகதியும் மட்டும்

ஐந்தரைக்குக் கோயில் மணி அடித்தது. நிக்கலஸ் எழும்பினான். பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்தினான். மண்ணெண்ணெய்க் குக்கரைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றினான். முகம் கழுவினான். முதல் நாள் வாங்கிய பாணில் நாலு துண்டு வெட்டி மாஜரின் பூசினான். இரண்டைக் கடதாசியில் சுற்றினான், இரண்டைத் தட்டில் வைத்தான். தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்த பிறகுதான் சீனி போடவில்லை என்று தெரிந்தது. அப்படியே குடித்து முடித்தான். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டான்.

மகள் ஐறீன் முன்னறைக் கதிரையில் இருந்தாள். வெள்ளை யூனிபோம், கழுத்துப் பட்டி, சப்பாத்து. மடியில் புத்தகப் பை. கோயில் மணிக்கு முன்னரே அவள் இப்படித் தயாராகி உட்கார்ந்திருப்பாள். வயது ஒன்பது. யாரும் எழுப்ப வேண்டியதில்லை. தாயில்லாப் பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுவதும் சொன்னது. நிக்கலசும் அப்படித்தான் எண்ணியிருந்தான். அதற்கு மேல் எண்ணிப் பார்க்க அவனிடம் தெம்பில்லை.

அவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னினான். ஒன்று தோளுக்கு மேலே நின்றது, மற்றது கீழே இறங்கியது. அலுமாரித் தட்டில் மணிக்கூடு இருந்த இடம் மட்டும் தூசி குறைவாக வட்டமாகக் கிடந்தது. மணிக்கூடு காணாமற் போய் ஒரு மாதம். அவன் தேடவில்லை.

வழக்கமாகப் பள்ளிக்கூட வான் வந்து ஏற்றிப் போகும். அன்று பள்ளிக்கூட வாசலில் பை சோதிக்கும் முறை அவனுக்கு. குண்டுப் பயம் வந்ததிலிருந்து பெற்றோர் நாள் வைத்து மாறி மாறி நிற்கிறார்கள். அதனால் இரண்டு பேரும் நடந்தார்கள். சந்தியில், தினமும் கேட்பதை அன்றும் கேட்டான்.

"அம்மா கடைசியா என்ன சொன்னவா?"

"நல்லாப் படிக்கச் சொன்னவா."

செபத்துக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். அவனும் செபம் முடிந்ததுபோல் தலையாட்டினான். வருஷக் கடைசி, பிள்ளைகள் சோர்ந்துபோகும் காலம், இப்படி ஒன்று சொல்லித் தூக்கிவிட வேண்டும் என்று அவன் நம்பியிருந்தான்.

வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அவனோடு அன்றைக்கு முறை ஜவாஹிறாவுக்கு. அவளுடைய மகன் இரண்டாம் வகுப்பு. எந்தப் பையைத் திறந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது.

"மகன், இது பேக்கா, குப்பை வாளியா? மூணு நாள் பாண் உள்ளுக்கு கிடக்கு."

ஐறீன் முன்னால் வந்து பையை வைத்தாள். நிக்கலஸ் கை நீட்டினான்.

"தம்பி, சொந்தப் பிள்ளைட பேக்க நாம பாக்கேலா. சட்டம் சட்டம்தான்" என்று ஜவாஹிறா பையைத் தன் பக்கம் இழுத்தாள். மற்ற நாட்களில் நிற்பவர்கள் மேலோடு தடவிப் பார்த்துவிட்டு விடுவார்கள்; கையை அடிவரை விட்டவள் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. "தம்பி, உள்ளுக்கு ஏதோ அடிக்குது."

வாசலில் நின்ற பொலிஸ்காரன் திரும்பினான். "மொக்கத அக்கே?" என்று, என்ன விஷயமென்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே கிட்ட வந்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நாலடி விலகினாள். நிக்கலஸ் குனிந்து காதைக் கொடுத்தான். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். கலியாணத்துக்கு மனைவி பிறிஜெற்றின் அக்கா தந்த மணிக்கூடு. புத்தகங்களுக்கு அடியில், ஒரு துவாயில் சுற்றிக் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்தான்.

"ஒர்லோசுவக்", மணிக்கூடுதான் என்று பொலிஸ்காரனிடம் சிங்களத்தில் சொன்னான். அவன் அதைத் தூக்கிப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான், பிறகு பிள்ளையைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

ஜவாஹிறாவுக்கு மூச்சு வந்தது. "எனத்துக்கு மகள் ஸ்கூலுக்கு மணிக்கூடு? பெல் அடிக்கிற வேலை மகளுக்கா குடுத்தீக்கி?"

ஐறீன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சோதனை முடிந்து கேற் மூடும் நேரம் வகுப்பாசிரியை புளோறன்ஸ் ரீச்சர் வந்தாள். ஐம்பது வயது தாண்டியவள். அவனை ஒதுக்கமாகக் கூட்டிப்போய் இரண்டு விடைத்தாள்களை நீட்டினாள். மூன்றாந் தவணைச் சோதனை தொடங்கி இரண்டு நாள். முதல் தாள் கணக்கு, மற்றது சமயம். இரண்டிலும் மேலே பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, திகதி இருந்தது. அழகான எழுத்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. புரட்டிப் பார்த்தான். பின்பக்கமும் வெள்ளை.

"தெரியாமலில்லை நிக்கலஸ். வாயால கேட்டா டக்கெண்டு சொல்லுறாள். பேப்பரைக் குடுத்தா பென்சிலைப் பிடிச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் அப்பிடியே இருக்கிறாள்."

"வருஷக் கடைசிதானே ரீச்சர்."

"வருஷக் கடைசியில எல்லாம்தான் களைக்குதுகள். ஒருத்தன் யன்னலைப் பாப்பான், ஒருத்தி கரோல் பாட்டை முணுமுணுப்பாள். அதுகளுக்கு நான் நட்சத்திரம் ஒட்டுவன், சோதனை முடிய வகுப்பில கேக் எண்டு சொல்லுவன். ஓடி வந்து எழுதுங்கள். இவளுக்கு அதொண்டும் எடுபடுதில்லை." ரீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் மூண்டு பாடம் இருக்கு. அதையும் இப்பிடி வைச்சா வாற வருஷமும் இதே வகுப்புத்தான் எண்டு பிரின்சிபல் மதர் சொல்லிப்போட்டா. பிறிஜெற்றின்ர கடைசி ஆசையை நானும் ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துறன்தானே. காலமை டாப்பில வரவு மாக் பண்ணேக்கையே சொல்லுவன், அம்மாவை நினைச்சுப் படிக்க வேணும் எண்டு."

நிக்கலஸ் தாள்களை நாலாக மடித்தான். அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான்.

பிறிஜெற் புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு பிறக்கிராசியிடம் தட்டெழுத்து வேலை செய்தாள். போன வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, பஸ் மாறும் இடத்தில் குண்டு வெடித்தது. செத்துப்போன பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. சவப்பெட்டி திறக்கப்படவில்லை. சாவீட்டில் அவளுடைய அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "கடைசியா என்ன சொல்லிப்போட்டுப் போனவள்?" சனம் முழுவதும் அழுகையை நிறுத்திக் காதைக் கொடுத்தது. களனியில் பட்டம் எடுத்து, கப்பல் கம்பனியில் நாள் முழுக்கக் கடிதம் எழுதும் அவனுக்கு அந்த நேரம் ஒரு சொல் வேண்டியிருந்தது. உண்மையில் அவள் சொன்னது அந்த இடத்துக்கு ஒவ்வாது. "பிள்ளையை நல்லாப் படிப்பிக்கச் சொன்னவள்" என்றான். பெண்கள் தலையில் அடித்து அழுதார்கள். சுவாமி அதைப் பிரசங்கத்தில் சொன்னார். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் படத்துக்குக் கீழே அது அச்சேறிவிட்டது. அதன் பிறகு திரும்பப் பெறுவது எப்படி?

கந்தோருக்குப் போய் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தான். ஒன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றான். வழியில் இரண்டு பற்றிஸ் வாங்கினான். ஐறீன் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். எண்ணெய் ஊறிக் கடதாசி கண்ணாடிபோல் ஆனது.

வீட்டில் மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தான். அப்போதுதான் கவனித்தான். அலாம் முள் நாலில் நின்றது.

"நாலு மணிக்கே எழும்புறனீ?"

"ஓம்."

"எனக்குக் கேக்கேல்லையே."

"துவாயால சுத்தித் தலையணைக்குக் கீழ வைப்பன். அடிச்ச உடனே அமத்திப்போடுவன்."

"பையில ஏன் கொண்டு திரியிறாய்?"

"வீட்டில விட்டா நீங்கள் எடுத்து வைச்சிடுவீங்கள். பிறகு நான் நித்திரையாப் போயிடுவன்."

"போனா என்ன? நான் எழுப்புவன்தானே."

பற்றிஸின் ஓரத்தை நகத்தால் உதிர்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்தது. யன்னலைச் சாத்த எழும்பியவன் சாத்தாமல் திரும்ப உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து விரித்தான்.

"ஏன் பிள்ளை ஒண்டும் எழுதேல்லை?"

"எழுதினாப் பிழைக்கும்."

"பிழைச்சா?"

"அம்மா சொன்னதைச் செய்யாத மாதிரி. எழுதாட்டி ஒண்டும் பிழை இல்லைத்தானே."

ஒன்பது வயதுக் கணக்கு. அதில் பிழை பிடிக்க அவனால் முடியவில்லை.

"அப்பா" என்றாள். "அண்டைக்கு நான் நித்திரை இல்லை."

"எண்டைக்கு?"

"அம்மா போன அண்டைக்கு. நித்திரை மாதிரிக் கிடந்தனான். சோதினையெல்லாம் முடிஞ்சுது, பள்ளிக்கூடத்தில பாடமும் இல்லை. போக விருப்பமில்லை. எழுப்பிப்போடுவீங்கள் எண்டு தலையணைக்குள்ள தலையை வைச்சுக்கொண்டு கிடந்தனான். நீங்கள் சத்தமாக் கதைச்சது கேட்டது. அம்மா சொன்னது கேக்கேல்லை." அவளுடைய கீழுதடு இழுபட்டது. "நான் எழும்பாமக் கிடந்தபடியாத்தானே நல்லாப் படிக்கச் சொன்னவா? கோவத்தோடதானே போனவா?"

நிக்கலஸ் அவளைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். ஒரு வருஷமாகத் தினமும் சந்தியில் வைத்துத் தான் கேட்ட கேள்வி அவனுக்குக் கேட்டது. தூக்கிவிடுவதாக நினைத்து, ஒவ்வொரு காலையும் பிள்ளையின் தலையில் அம்மியைத் தூக்கி வைத்திருக்கிறான்.

"அம்மா அப்பிடிச் சொல்லேல்லை" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"அது நான் சொன்னது. பிள்ளையைப் படிப்பிக்க வேணும், வருஷக் கடைசியெண்டு இப்பவே படுக்க விட்டா நாளைக்கு உருப்படுமோ எண்டு நான்தான் அண்டைக்குக் கத்தினனான். நீ கேட்ட சத்தம் அதுதான். பிறகு சாவீட்டில கேக்கேக்கை அதைத் தூக்கி அம்மான்ர வாயில வைச்சிட்டன்."

"அட்டையில கிடக்கே."

"அட்டையிலயும் பொய்தான்."

மழை யன்னலால் அடித்துத் தாளின் மேல் இரண்டு துளி விழுந்தது. திகதி கரைந்தது. இருவரும் துடைக்கவில்லை. அவள் முகத்தில் அவன் கோபத்தை எதிர்பார்த்தான். அது வரவில்லை. நோயாளியின் கட்டிலருகில் நிற்பவர்கள் டொக்டரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மா என்ன சொன்னவா?"

அன்று காலை பிறிஜெற் கதவடியில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் குடை. பற்களுக்கிடையில் தலைக் கிளிப். அவன் கத்தி முடியும் வரை அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையின் அறைத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து கிளிப்பை எடுத்துக் கொண்டையில் குத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவன் கோபத்தில் பதில் சொல்லவில்லை. கை காட்டவும் இல்லை.

அதை அவன் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மணிக்கூட்டைக் கையில் எடுத்தான். அலாம் முள்ளை நாலிலிருந்து திருப்பிக் கொண்டுபோய் ஆறில் விட்டான். பிறகு, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மகளுக்குச் சொன்னான்.

"கால்விரலை ஆட்டிக்கொண்டு நித்திரை கொள்ளுறாள் கள்ளி. படுக்கட்டும், விடுங்கோ. ஒரு நாள் போகாட்டிக் குடியே முழுகிப்போகும்?"