நாற்பத்திரண்டு தட்டுப் பால்சோறு

கையை உடைத்துக்கொள்ள ஒரு நேரங்காலம் வேண்டாமா? மகள் கல்யாணத்துக்குப் பதினைந்தே நாள் இருக்கும்போது, அதுவும் பால்சோற்றுக்கு எலுமிச்சம்பழம் பறிக்கப் போய், கொல்லைப்புறத்தில் முக்காலியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கொயிம்ப்ரா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.

"ஆறு வாரமா? சனிக்கிழமை நாப்பத்திரண்டு தட்டு போகணும் தம்பி" என்றேன் அந்தச் சின்ன டாக்டரிடம்.

"எந்தத் தட்டு?" என்று கேட்டான். லிஸ்பன்காரன். அவனிடம் என்ன பேசுவது?

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பது என்றால் தட்டுதான். அச்சடித்த கார்டு தபாலில் வரும், போகும், அதை யாரும் மதிப்பதில்லை. பெண் வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பால்சோறு, மேலே பட்டைத்தூளில் கோலம், அதன் மேல் வெள்ளைத் துணி. அது வாசலுக்கு வந்தால்தான் அழைத்ததாகக் கணக்கு. துணியைத் தூக்கியதும் எந்த வீட்டுத் தட்டு என்று கோலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒடேத் கை என்றால் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. நான்தான் அந்த ஒடேத். பெருமையாகத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மாவுக்கட்டின் ஈரம் காய்வதற்குள் நாத்தனார் சில்வினா வந்து நின்றாள். கையில் ஒரு கூடை.

"ஐயோ ஒடேத், இப்படி ஆயிடுச்சே! நீ ஒண்ணும் கவலைப்படாதே. நாப்பத்திரண்டு தட்டையும் நான் பாத்துக்கறேன்."

"கூடையில என்ன அண்ணி?"

"முட்டை. மஞ்சக்கரு சேர்த்தாத்தானே பால்சோத்துக்கு ஒரு நிறம் வரும்."

"நிறமா? மஞ்சக்காமாலை கண்டமாதிரி இருக்கும்."

"என் கையால சாப்பிட்டு யாருக்கும் காமாலை வந்ததில்லை தாயே."

அவள் எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாதா? என் மாமியார் பால்சோறு கிண்டும் பெரிய பாத்திரத்தைப் பெற்ற மகளுக்குக் கொடுக்காமல், வந்த மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்தேழு வருஷமாக அது சில்வினாவின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், எந்த விசேஷத்துக்குக் குடும்பம் கூடினாலும் பால்சோறு என் வீட்டிலிருந்துதான் போகும். இந்த ஒரு தடவை அவள் கரண்டியைப் பிடித்துவிட்டாள் என்றால் போதும், எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். சொந்த மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் சோறு அனுப்பியவள் என்ற பெயர் வேறு எனக்கு.

அப்போது கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நான் கிண்டறேன்."

சில்வினா சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த முட்டை உடையாமல் இருந்ததே ஆச்சரியம். "டேய் எர்குலானோ, நீ ஒரு டீ போட்டுப் பாத்திருக்கியாடா? இது மணலும் சுண்ணாம்பும் இல்லை!"

அவர் கல் பதிக்கிறவர். வெள்ளைக் கல்லையும் கருங்கல்லையும் விரல் அகலத்துக்கு உடைத்து, தெருவிலும் சதுக்கத்திலும் அலை, கயிறு, கப்பல் என்று படமாகப் பதிப்பதுதான் முப்பத்தாறு வருஷ வேலை. மற்றவர்கள் நான்கு மீட்டர் முடிக்கும் நேரத்தில் இவர் இரண்டு மீட்டர் முடிப்பார். அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் நத்தை. நானும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவேன்.

சமையல்கட்டுக்குள் அவர் வந்தது சாப்பிட மட்டும்தான். இருந்தாலும் சில்வினா சிரித்த சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆமா அண்ணி. அவர்தான் கிண்டப்போறார். முட்டையை எடுத்துட்டுப் போங்க, ஆம்லெட் போடுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சமைத்தேன். மொண்டேகு ஆற்று வயல் அரிசி, தண்ணீர், துளி உப்பு, எலுமிச்சைத் தோல், முழுப் பட்டை. தண்ணீர் வற்றியதும் சூடான பால், கரண்டி கரண்டியாக. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் மஃபால்டா போன் செய்தாள்.

"அம்மா, எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? மண்டபத்துலயே கேட்டரிங் இருக்கு, ஸ்வீட் அவங்களே கொடுப்பாங்க."

"கொடுக்கட்டும். கேட்டரிங்காரனே உனக்கு அம்மாவாவும் இருக்கட்டும்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் அவளை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினேன். சர்க்கரைப் பை காலியாகக் கிடந்தது.

"யோவ்! சர்க்கரை எங்கே?"

"உள்ள."

"சோறு வெந்துச்சா பாத்தியா?"

"காபிக்குப் பாலும் சர்க்கரையும் சேத்துத்தானே போடறோம்?"

அரிசி வேகுமுன் சர்க்கரை விழுந்தால் அவ்வளவுதான். அதன்பிறகு நாள் முழுக்க எரித்தாலும் வேகாது. ஒரு பருக்கையை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். நடுவில் நறுக்கென்று நின்றது.

"உன் பாட்டுக்கு இதையும் தெருவுல கொண்டுபோய்ப் பதிச்சிடு. லாரி ஏறினாக்கூட நசுங்காது!"

அவரும் ஒரு பருக்கையைக் கடித்தார். மெதுவாக, நத்தைதானே, யோசித்து யோசித்துச் சொன்னார்.

"கல்லு மொதல்ல உக்காரணும். மட்டம் சரியா நின்னப்புறம்தான் மேல மணலைத் தூவணும். முன்னாடியே தூவினா கல்லு ஆடிக்கிட்டே கெடக்கும். இதுவும் அதே மாதிரியா?"

"அதே மாதிரிதான்யா" என்றேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று உள்ளுக்குள் தோன்றியது.

முதல் பாத்திரத்துச் சோறு கோழிகளுக்குப் போனது. அவர் வண்டியை எடுத்துப் போய்ப் பண்ணையிலிருந்து மறுபடி பால் கொண்டுவந்தார். இரண்டாவது தடவை ஒன்றரை மணி நேரம் கரண்டி நிற்கவில்லை. கல் உடைத்த கை அது. நானாக இருந்தால் நடுவில் நான்கு தடவை கை மாற்றியிருப்பேன். பருக்கை விரலில் மசிந்த பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சர்க்கரையைத் தூவினார். பிறகு வெண்ணெய். தட்டுகளில் ஊற்றியபோது சோறு வழுவழுவென்று இறங்கி, சமமாகப் பரவி நின்றது. என்னுடையதைவிட நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அடுத்தது கோலம். மேலே ஆடை படிந்து, சூடு இருக்கும்போதே போட்டால்தான் தூள் ஒட்டும். இடது கையால் முயன்று பார்த்தேன். தூள் கொட்டிக் குவிந்தது.

"நீயே போடு. நான் எப்பவும் போடறதையே போடு" என்றேன்.

அவர் பட்டைத்தூள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ எப்பவும் என்ன போடுவே?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. "என்னய்யா கேக்கறே? ஆயிரம் தடவை சாப்பிட்டிருக்கியே."

"சாப்பிட்டிருக்கேன். ஆனா..."

"சரி, ஊரார் தட்டை விடு. உன் தட்டுல என்ன போடுவேன்? உனக்குன்னு தனியா ஒண்ணு போடுவேனே, அது என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். "தட்டு வந்ததும் ஸ்பூனைப் போட்டுடுவேன் ஒடேத். கவனிச்சதில்லை."

மணிக்கட்டு உடைந்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒவ்வொரு தடவையும் அவர் தட்டைத்தான் கடைசியாக, நிதானமாகப் போடுவேன். அதை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. ஆனால் அழுதால் ஆடை ஆறிவிடும். அதனால் கோபப்பட்டேன்.

"என்னத்தையாவது போட்டுத் தொலை, நத்தை!"

அவர் தயங்கவில்லை. மேஜையில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் சலவைத் துணி விரித்து வைத்தார். தன் வேலைக்கான குட்டி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். மேஜையில் எப்படி வேலை செய்வது என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கை முழுக்க அவர் வேலை தரையில்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தூளை எடுத்தார்.

வெள்ளைச் சோற்றில் பழுப்பு அலை எழுந்தது. அடுத்த தட்டில் முறுக்குக் கயிறு. அடுத்ததில் பாய்மரக் கப்பல். நத்தை என்று யார் சொன்னது? குனிந்த தலை நிமிராமல் அடுத்தடுத்த தட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தார். முக்கால் மணி நேரத்தில் என் சமையல்கட்டுத் தரை முழுவதும் அவர் கல் பதித்த மாதா கோயில் சதுக்கமாக மாறிவிட்டது. நான் கோபத்தை மறந்துவிட்டு நின்றேன். என் புருஷன், என் வீட்டுச் சோறு என்று நெஞ்சு நிறைந்தது.

சரியாக அப்போது சில்வினா உள்ளே வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். வாய் மூட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இது உன் கை இல்லையே" என்றாள்.

"இல்லை."

"பொண்ணு வீட்டுத் தட்டுக்கு அம்மாதான் கோலம் போடணும். ஆம்பளை போட்டதுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும் ஒடேத்."

எர்குலானோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீ போட்டதாவே சொல்லிக்கோ. எடது கையால புதுசாப் போட்டுப் பாத்தேன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. ஒடேத் இடது கையாலேயே இப்படிப் போட்டாள் என்று ஊர் பேசினால் எப்படி இருக்கும்! ஆனால் தெருவில் அவர் பதித்த கல்லை ஊரே மிதித்துப் போகிறது. யார் பதித்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் அதையே செய்யவா?

"அண்ணி, மொதத் தட்டு உங்களுக்குத்தான். பொண்ணுக்கு அத்தை நீங்க. ஆனா தட்டை உங்க வாசல்லதான் வாங்கணும். போய் நில்லுங்க. யார் போட்டதுன்னு அங்க வந்து சொல்றேன்."

அவள் ஓடாத குறையாகப் போனாள். நாங்கள் துணி மூடிய தட்டுடன் சதுக்கத்தைக் கடந்து நடந்தோம். அவர் தட்டைச் சுமந்தார், நான் கட்டுப்போட்ட கையைச் சுமந்தேன். சில்வினா வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து நின்றார்கள். அவள்தான் கூப்பிட்டிருப்பாள், சிரிப்பதற்கு ஆள் வேண்டாமா?

"என் மக கல்யாணத்துக்கு வரணும். சோறு கிண்டினதும் என் புருஷன், கோலம் போட்டதும் என் புருஷன்" என்றேன், சதுக்கத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி.

சில்வினா துணியைத் தூக்கினாள். சதுக்கத்து அலைகள் அப்படியே தட்டில் இருந்தன. பெண்கள் குனிந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"இது என்னடா மூலையில? சுருட்டிக்கிட்டுக் கெடக்கே?" என்றாள் சில்வினா.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "அது... பழக்கதோஷம். வேலை முடிஞ்சதும் மூலையில ஏழு கருங்கல்லைச் சுருட்டி வெச்சிட்டு வருவேன். நத்தை. என் அடையாளம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீரூத்துப் பக்கத்துல, மூணாவது மரத்தடியில இருக்கு. நீ இந்தச் சதுக்கத்துக்குக் கல் பதிச்சிட்டிருந்தப்போ நான் ரொட்டிக் கூடையோட தினமும் இப்படிப் போவேன். கடைசி நாள் நீ அதை வெச்சதைப் பாத்தேன். முப்பத்தொரு வருஷமா உன் தட்டுல நான் போடறது அதைத்தான்யா."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் சில்வினா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டாள். மென்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோற்றுக்காகவா, நான் சொன்னதற்காகவா, தெரியாது.

"எல்லாரும் பாருங்க! என் தம்பி கை! எங்க அம்மா கை அப்படியே வந்திருக்கு. இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஆரம்பித்தாள்.

மீதி நாற்பத்தொரு வீட்டுக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நான் வாயைத் திறப்பதற்குள் "என் தம்பி போட்டது" என்று துணியைத் தூக்கினாள். விட்டுவிட்டேன். பாத்திரம் என் வீட்டில்தான் இருக்கிறது.

கல்யாணத்தன்று பந்தியில் அவருக்கு மட்டும் தனித் தட்டு வைத்தேன். இடது கையால் போட்டது, கோணல்மாணலாக, நத்தையா நூல்கண்டா என்று தெரியாமல் இருந்தது. அவர் வெகுநேரம் ஸ்பூனைத் தொடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். பந்தி முடிந்து நான் எடுக்கப் போனபோது தட்டு நடுவில் அந்த நத்தை மட்டும் கலையாமல் இருந்தது.