கரண்டிச் சத்தம்

கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். கரண்டி சுவரோரமாக உருண்டு போயிருந்தது.

“கடைசியா எத்தனை மணிக்கும்மா உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரு?” டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“தட்டிக்கிட்டேதான் இருப்பாரு டாக்டர்.”

“இன்னைக்கு?”

“எப்பவும் தட்டிக்கிட்டேதான் இருப்பாரு.”

டாக்டர் இறந்த நேரம் என்று உத்தேசமாக ஒன்றை எழுதிக்கொண்டு போனார்.

அவள் புருஷன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். பேச்சு நின்றுபோன பிறகு கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுவார். பஸ்ஸில் ‘போலாம்’ என்று மணி அடித்த பழக்கம், இரண்டிரண்டாகத்தான் விழும். தண்ணீருக்குத் தட்டுவார். ஜன்னலைச் சாத்தத் தட்டுவார். சாத்தினால் திறக்கச் சொல்லித் தட்டுவார். எட்டு மாதமாக அவள் ஒரு வாய் காபி சூடாகக் குடித்ததில்லை.

இன்று காலையிலும் தட்டினார். ஒரே ஒரு தட்டு. கொல்லையில் அவருடைய விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தவள் இரண்டாவது வரட்டும் என்று நின்றாள். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. விரிப்பை உதறிக் காயப்போட்டு, இன்னும் இரண்டு உருப்படி அலசிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மத்தியானம் நாத்தனார் வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணன் தட்டுனா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே. நீங்க எங்க அண்ணி போனீங்க?”

‘தட்டிக்கிட்டேதான் இருப்பாரு’ என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லச் சோர்வாக இருந்தது.

“இங்கதான் இருந்தேன். கேட்டுச்சு. ஒரே ஒரு தடவ தட்டினாரு. நான் போகல.”

நாத்தனார் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸுல ஒண்ணு அடிச்சா நிறுத்துன்னு அர்த்தம்,” என்றாள்.

“தெரியும்.”

நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வெயில் போகப்போகுது. கொடியில கிடக்கிறத எடுத்துட்டு வரேன். நீங்க உக்காருங்க அண்ணி.”

எடுத்து வந்தவள் விரிப்பின் இரண்டு முனைகளை நீட்டினாள். இவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் மடித்தார்கள்.

சாயங்காலம் அவரை அமரர் வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“போலாமாம்மா?”

அவள் வண்டியருகே போனாள். கட்டிலடியில் எடுத்த கரண்டி இன்னும் இடுப்பில்தான் இருந்தது; உருவி எடுத்தாள்.

தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வண்டி நகர்ந்தது.