முதல் பீப்பாயில் ஒரு கரண்டி

சவுந்தரநாயகம் விலை பேசாமல் வாங்கியது மூச்சுக்காற்று ஒன்றைத்தான் என்று வெள்ளவத்தையில் சொல்வார்கள். கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தேங்காயெண்ணெய் ஆலை. யூதரின் பாஸ்கா பண்டிகைக்கென்று பெரிய வெளிநாட்டு ஓடர் ஒன்று முதல்முறையாக மாட்டியிருந்தது. யூத மதகுரு, அதாவது ரபி ஒருவர், 'எங்கள் சட்டப்படி சரி' என்று கையெழுத்து வைத்தால்தான் சரக்கு துறைமுகத்துக்குப் போகும்.

வந்த ரபி ஆவ்ரமுக்கு முப்பது வயதிராது. தாடிக்கு மட்டும் ஐம்பது. குழாய், தொட்டி எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். நிரப்பத் தொடங்கினார்கள். அவர் அந்தப்பக்கம் வால்வைக் குனிந்து பார்த்த நேரம், சவுந்தரநாயகத்தின் மனைவி அருந்ததி வழமைபோல முதல் பீப்பாய்க்குள் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கும்பிட்டார். அந்தக் கரண்டி படாமல் அந்த ஆலையிலிருந்து ஒரு சரக்கும் வெளிக்கிட்டதில்லை.

ரபி திரும்பி வந்து மூக்கைச் சுளித்தார். "எள்ளு மணக்கிறதே?"

"எள்ளு என்ன பாவம் செய்தது?" என்றார் சவுந்தரநாயகம். இங்கிலீஷில்தான் கதை. மனக்கணக்கு மட்டும் தமிழில் ஓடியது.

"பொறுங்கள். பார்க்கவேண்டும்."

பையிலிருந்து தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் வந்தது. பக்கத்தின் நடுவே பெரிய எழுத்து. "இதை எழுதியவரின் குடும்பம் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டது. அரிசி, பருப்பு, எள்ளு பாஸ்காவில் ஆகும் என்பது இவர் பக்கம்."

"அப்ப விசயம் முடிஞ்சுது!"

"முடியவில்லை. வரிக்கு இடையில் சின்ன எழுத்து இருக்கிறதே, அது போலந்துக்காரர். எங்கள் நாட்டு வழக்கத்தில் ஆகாது என்கிறார். நான் அவர் வழி."

"ரெண்டு பேரில ஆர் பெரிய ஆள்?"

"ரெண்டு பேரும்."

சுற்றி நாலு ஓரத்திலும் எறும்புபோல எழுத்து. அவை இந்த இருவருக்கும் பிறகு வந்தவர்கள் என்றார் ரபி. இவர்களுக்கு வெகுகாலம் முன்பே, எகிப்தில் ஒருவர் வாதங்களை எல்லாம் விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எழுதினாராம். அவர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று தேடித்தேடி, பின்வந்தவர்கள் அவருடைய புத்தகத்தின் ஓரங்களையும் நிரப்பினார்களாம்.

இவ்வளவு கடை உள்ள தெருவில் நமக்குத் தோதான கடை ஒன்று இல்லாமலா போகும் என்றுதான் சவுந்தரநாயகம் முதலில் நினைத்தார். அந்தக் கடையும் கிடைத்தது. ரபி விரலை வைத்துச் சொன்னார்: "போலந்துக்காரரே ஒரு சலுகை தருகிறார். தவறி விழுந்திருந்தால் குற்றமில்லை. ஆகவே சொல்லுங்கள், விழுந்ததா, விட்டதா?"

அருந்ததி தமிழில் கிசுகிசுத்தார். "கரண்டி வழுக்கிப்போச்செண்டு சொல்லுங்கோவன். அந்தாளுக்கு என்ன தெரியும்?"

ஒரு சொல்தான். சவுந்தரநாயகத்தின் நாக்கு அதைவிடப் பெரிய பொய்களைத் தேநீரோடு விற்றிருக்கிறது. ஆனால் கண் அந்தப் பக்கத்தைவிட்டு வரவில்லை. பெட்டாக் கடைத்தெருவில் ஒருத்தன் நொடித்தால் மற்றவன் செய்கிற முதல் வேலை அவனுடைய போர்டைக் கழற்றுவது. இங்கே ஒருவர் பேச்சை மற்றவர் அழிக்கவில்லை. கண்டத்துக்குக் கண்டம் துரத்தப்பட்ட சனம், ஒத்துவராத வாதத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்திருக்கிறது. ஒரு கரண்டி எண்ணெய்க்கு நூற்றாண்டுக் கணக்காக ஆட்கள் எழும்பி நின்று சாட்சி சொல்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் தன் வாய் மட்டும் புளுகுவதா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"விட்டது," என்றார். "என்ர மனுசி. வேணுமெண்டே விட்டவ."

அருந்ததி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ரபி பக்கம் புரட்டினார், யாருக்கோ போன் எடுத்தார், அரை மணித்தியாலம் சந்தை இரைச்சலில் சண்டை பிடித்தார். பிறகு வந்து, "இந்தப் பீப்பாய்க்கு என் கையெழுத்து இல்லை. குழாயில் எள்ளு படவில்லை, அதனால் மற்றதெல்லாம் போகலாம்," என்றார். "இதையும் கொட்டவேண்டாம். நடு எழுத்துக்காரரின் வழியில் போகிற சனம் இருக்கிறது. அவர்களுடைய ரபியைக் கேளுங்கள்."

"அப்ப நான் இனி விடக்கூடாதோ?" அருந்ததி புருசனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

"உங்கள் ஆட்களுக்குப் போகிற பீப்பாயில் தாராளமாக விடுங்கள், அம்மா. உங்கள் வழக்கத்தை அழிக்க நான் யார்?"

அருந்ததி கரண்டியைத் துடைத்தார். சவுந்தரநாயகம் புத்தகத்தை மூட விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ ரபி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "இந்த மூலையில இருக்கிறவர் என்ன சொல்லுறார்?"