தெருமுனை வால்வு

என் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவராக இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் அதே உத்தியோகம். நெஞ்சுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்புவார். தெருமுனைக் குழிக்குள் அதை விட்டு அவர் திருகினால்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். மூன்று நாளைக்கு ஒரு முறை, நாற்பது நிமிஷம். சலூனுக்குப் போனால்கூட அவரை வரிசையில் உட்கார விடமாட்டார்கள். சொந்தப் பெண்டாட்டியின் தெருவுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் ஓய்வு பெற்றதும் இந்த மழை ஊருக்கு வரலாம் என்றது நான்தான். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பது சாக்கு. கடைசிக் காலத்திலாவது குடத்தோடு மல்லுக்கட்டாமல் கிடக்கலாம் என்ற ஆசை. ஆசைக்கு வஞ்சனையில்லாமல் பெய்தது. வந்து எழுபது நாளில் வெயிலை நாலு முறை பார்த்திருப்பேன். துணி காயவில்லை. செருப்பில் பூஞ்சை. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. முதலில் வானத்தைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் திட்டவும் அலுத்துப்போய், ஈரப் புடவையையே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். கூப்பிட்டால் சாப்பிட வருவார். உப்பு போட மறந்த குழம்பையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். உப்பு முன்னே பின்னே போனால் தட்டைத் தள்ளுகிற மனுஷர். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்னிக்கு எந்தத் தெரு?"

"தெருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்துவிடுவார். மறுநாளும் அதே கேள்வி. மகளிடம் சொன்னேன்.

"மறதி ஆரம்பிக்கிறப்ப இப்படித்தான் இருக்கும்மா. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிடலாம்," என்றாள்.

புத்தி போய்விட்டால் என்ன செய்வது? ஒரு நாள் என்னையே யாரென்று கேட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் எனக்குள் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

வியாழக்கிழமை காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவர் நாற்காலியை வாசல் கதவுக்கு நேராகப் போட்டு, தலை சீவி, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் சேறு. எங்கே போனீர்கள் என்று கேட்கக்கூடச் சோம்பலாக இருந்தது. இந்த மழைக்குக் குழாய் எதற்கு? வாளியைக் கூரை விளிம்புக்குக் கீழே வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் வழிந்தது. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் வாளியும் அண்டாவும் வைத்திருந்தார்கள்.

பத்து மணி சுமாருக்குக் கதவு தட்டும் சத்தம். என்னை முந்திக்கொண்டு அவர் எழுந்துபோய்த் திறந்தார். மழைக்கோட்டு சொட்டச் சொட்ட இந்த ஊர் வால்வுக்காரர் நின்றார்.

"தெருமுனை வால்வை யாரோ மூடியிருக்காங்கம்மா. விடியக்காலம் ஐயா அங்க நின்னார்னு பால்காரர் சொன்னார்."

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். தன் கைக்கென்று பட்டறையில் அடித்து வாங்கி, இங்கேயும் சாமானோடு கட்டிக்கொண்டு வந்த சாவி சேறு படிந்து சாய்ந்திருந்தது.

"அவருக்கு ஞாபகம் சரியில்லீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஞாபகமா?" வால்வுக்காரர் சிரித்துவிட்டார். "அது பழைய வால்வும்மா. நான் மூடினாலே கசியும். இன்னிக்கு ஒரு சொட்டு கசியல. கடைசிச் சுத்துல கொஞ்சம் பின்னால விட்டு, திரும்ப இறுக்கியிருக்கார். நல்லா வேலை தெரிஞ்ச கை." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இனிமே வேணாங்கய்யா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புத்தி இருக்கிறது, கை இருக்கிறது, மனுஷர் முழுசாக இருக்கிறார். கூடவே கோபமும் வந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் மூடினீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"தினமும் எந்தத் தெருன்னு கேட்டது?"

"நீ ஏதாவது ஒரு தெருவைச் சொல்லுவேன்னுதான்."

"ஊர் குழாயை எதுக்குங்க மூடணும்?"

திறந்த கதவு வழியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தண்ணி ஏன் வரலன்னு ஒருத்தராவது வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன். யாரும் கேக்கல." அப்புறம், "நீயும் கேக்கல," என்றார். குறையாகச் சொல்லவில்லை. கணக்கெடுப்புக்கு வந்தவரிடம் வயதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டு, நாளைக்கு டாக்டர் வேண்டாம் என்றேன். மறதியாக இருந்திருந்தால் ஒரு மாத்திரையாவது கொடுத்திருப்பார்கள்.

"ஏம்மா, அப்பாவுக்குச் சரியாயிடுச்சா?"

"அவருக்கு எதுவுமே மறக்கலடி," என்றேன்.