வாரத்துக்கு ஒன்று

அச்சகத்தில் எனக்குப் பட்டப்பெயர் கழுகு. மருந்துப் பெட்டிகளின் அட்டைகளை அச்சேற்றுவதற்கு முன் பிழை பார்ப்பது என் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பதினேழு வருடத்தில் ஒரு தப்பும் என்னைத் தாண்டிப் போனதில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். நானும் வேண்டாம் என்றதில்லை.

அன்று காலை என் மேசைக்கு ஒரு விட்டமின் டி அட்டை வந்தது. அறுபதாயிரம் யூனிட். பின்பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள், ‘வாரத்துக்கு ஒன்று மட்டும்’ என்று இருந்தது. எல்லாம் சரி. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இதே மாத்திரையை அக்காவுக்கு நான் தினமும் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஜன்னல் இல்லாத பின்னறையில் நாள் முழுக்கத் துணி தைக்கிறவள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்று தனியாக டாக்டரிடம் போனபோது, ரத்தத்தில் விட்டமின் டி ரொம்பக் குறைவு என்று எட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பொழுதுக்கும் பெட்டி படிக்கிற எனக்கு வீட்டிலும் அதைப் படிக்கச் சலிப்பு. மாத்திரைப் பட்டையை உருவிக்கொண்டு பெட்டியைக் குப்பையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கிழமைக்கு ஓர் அறை உள்ள டப்பாவில், பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் ஏழு அறையிலும் ஒவ்வொன்று போட்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “இது தினமுமாடி?”

“மருந்துப் பெட்டி படிக்கிறது யாரு, நீயா நானா? நீ போய் ஊசியக் கோரு.”

போய்விட்டாள். எட்டு நாளில் தீர்ந்ததும் கடையில் காலிப் பட்டையைக் காட்டி மறுபடி வாங்கினேன். அப்புறமும் வாங்கினேன். இரண்டரை மாதம். எலும்புக்கு நல்லதாயிற்றே என்று கால்சியம் மாத்திரையும் என் இஷ்டத்துக்குச் சேர்த்தேன்.

வீட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். முதலாளியிடம் என்ன சொன்னேனோ, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிழவர் நிதானமாக இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மூன்று வாரமாக அக்கா தண்ணீர் தண்ணீர் என்று பறந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பாத்ரூமுக்கு ஓடினாள். சாப்பாட்டைக் கண்டால் குமட்டினாள். போன வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்து வைத்திருந்தாள். “குடத்தையே குடிச்சுடுவ போல. புத்தி எங்கே மேயுது?” என்று நான்தான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அக்கா தையல் மெஷின் மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். தோளை உலுக்கியதும் கண்ணைத் திறந்து, “இன்னைக்கு என்ன கிழமை?” என்றாள். ஆட்டோ பிடித்து அவளை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். “உக்காரும்மா, தரை தேஞ்சிடும்” என்றார் துடைக்கிற அம்மா. உட்கார்ந்தேன். எழுந்தேன்.

சாயங்காலம், அக்காவின் கையில் சொட்டு சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்தாள். சின்ன வயசுப் பெண்.

“ரத்தத்துல கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. கிட்னி திணறுது. இன்னும் பத்து நாள் போயிருந்தா கைய விட்டுப் போயிருக்கும். இது கொழுப்புல தங்குற விட்டமின். மிச்சம் சிறுநீர்ல போயிடாது, உடம்புலயே சேரும். ரெண்டு மாத்திரையையும் நிறுத்துங்க. ரத்தம் சரியாகட்டும். அப்புறம் முட்டை, மீன், பால்னு சாப்பாட்டுல பாத்துக்கலாம். தேவைப்பட்டா பரிசோதிச்சுட்டு, சின்ன அளவா நானே எழுதறேன்.” தாளைப் புரட்டினாள். “தினமும் எப்படிப் போட்டீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “என் தப்புதான் டாக்டர். அந்த டாக்டரம்மா வாரம் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க. நான்தான் மறந்து தினம் போட்டுக்கிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். நான் ஒரு அதட்டல் போட்டதும், தன் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு எழுபது எண்பது மாத்திரையை விழுங்கியிருக்கிறாள்.

டாக்டர் எழுதினாள். எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். ‘நோயாளியின் மறதியால்’ என்று இருந்தது.

“அது பிழை டாக்டர். அடிச்சிடுங்க,” என்றேன். “மருந்து எடுத்து வெச்சது நான். இவ கேட்டா. நான் வாய மூடச் சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கோடு போட்டு மாற்றி எழுதினாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து அக்கா முணுமுணுத்தாள்: “எதுக்குடி சொன்னே? முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலைக்கு ஆகாதே.”

“அன்னைக்கு நீ கேட்டது சரிக்கா.”

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவளிடம் இதைச் சொல்கிறேன். அக்கா பயந்தபடியே தண்ணீர் கேட்டாள்.

ஊற்றிக் கொடுத்தேன். காலி டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். கேட்கட்டும் என்று காத்திருக்காமல் இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.