முதுகுப் பக்கம்

இதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. கழுத்தில் கிடக்கும் இந்த அளவு நாடாவின் மேல் ஆணை. பொய் சொல்லியிருந்தால் இனி நான் வெட்டும் சட்டைக் கையெல்லாம் முழங்கைக்கு மேலே நிற்கட்டும்.

தம்பி, செத்துப்போன அண்ணனுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடா நிற்காமல் வழுக்கியது. நோவு ஆளை அவ்வளவு உருக்கியிருந்தது. நன்றாக இருந்தபோது கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மனிதர். அவர் கொட்டாவி விட்டால், தெருவைத் தாண்டி எதிர்க்கடையில் தம்பி கோத்த நூல் ஊசியிலிருந்து கழன்றுவிடும்.

"இருக்கிற சட்டை ஒண்ணுகூட நிக்கலை தம்பி," என்றார் தலைமாட்டில் நின்ற அண்ணி. "எல்லாத்துக்குள்ளயும் ரெண்டு ஆள் போகலாம்."

"ரெடிமேட்ல ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே."

"சொன்னேனே. 'ரெடிமேட் போட்டு அனுப்பினே, எழுந்து வந்துடுவேன்'னார். 'எதிர்க்கடைக்காரன்கிட்ட சொல்லு. வேற எவன் தைச்சாலும் தோள் இறங்கும்'னார்."

தம்பியைப் பற்றி அண்ணன் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் நேரில் சொல்லாமல் கண்ணை மூடியிருந்தார். தம்பிக்கு அதில் இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

"தைச்சுத் தர்றேன்," என்று நாடாவைச் சுருட்டினார்.

இந்த நாளுக்காகத்தான் அவர் இத்தனை காலம் கறுவிக்கொண்டிருந்தார்.

இருவரும் வாலிபர்களாக அப்பாவின் தையல் கடையில் வேலை பார்த்த காலத்தில், ஒரு நீதிபதியின் கோட்டில் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. நடு முதுகில், பெட்டியின் அடிப்பாகம் அச்சு மாறாமல் கருகியிருந்தது. கோட்டை வாங்க வந்த நீதிபதி, போட்டிருந்த சட்டையையும் பொத்தான் வைக்கக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதனால் விசாரணை அங்கேயே நடந்தது.

"யாருடா செஞ்சது?" என்றார் அப்பா.

அண்ணன் கத்தரி முனையால் தம்பியைக் காட்டினார்.

தம்பி அன்று காலையிலிருந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி மேசைப் பக்கமே போகவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நீதிபதி கையை உயர்த்தினார்.

"மூத்தவன் சொல்றான். அப்புறம் என்ன, தெளிவான கேஸ்," என்று பனியனை இழுத்து விட்டுக்கொண்டார்.

விளக்கு வைப்பதற்குள் தம்பி தெருவில் நின்றார். பங்கு, பாத்தியதை என்று எதையும் கேட்கவில்லை. அந்த இஸ்திரிப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, எதிரிலேயே கடை போட்டார். அண்ணன் 'நேர்த்தியான தையல்' என்று பலகை மாட்டினார். தம்பி 'பொய் சொல்லாத தையல்' என்று மாட்டினார். இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

கைவேலையில் தம்பியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு காலைச் சாய்த்து நடக்கும் தபால்காரர், அவர் தைத்த கால்சட்டையைப் போட்டதும் நேராக நடந்தார். வீட்டுக்குப் போய்க் கழற்றிய பிறகு மறுபடியும் சாய்ந்தார். இது நான் கண்ணால் பார்த்தது.

அந்தப் பெட்டியை மட்டும் அவர் ஒருநாளும் துணி மேல் வைக்கவில்லை. துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். தண்டனை விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். எவ்வளவு தப்போ அவ்வளவுதான். தூக்கலும் கூடாது, குறைச்சலும் கூடாது. அதே பெட்டி, அதே இடம், அதே கருகல். அதை அண்ணன் முதுகில் சுமந்துகொண்டு போக வேண்டும். மல்லாந்து கிடப்பவரின் முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. தம்பிக்குத் தெரிந்தால் போதும்.

அன்று அவர் தைத்ததுபோல் ஒரு சட்டையை அதற்கு முன் தைத்ததில்லை. காலர் தாமரை இதழ்போல் நின்றது. தையல் எங்கே ஓடுகிறது என்று துணிக்கே தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெட்டியில் கரி மூட்டி, நடு முதுகில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. புகை கிளம்பித் தெருவுக்குப் போனது. அந்தப் பக்கம் வந்த கிழவர் ஒருவர் நின்று மோந்து பார்த்து, "நீதிபதி கோட்டு வாசமாட்டம் இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருகல் உள்ளே போகும்படி மடித்து எடுத்துக்கொண்டு தம்பி தெருவைக் கடந்தார்.

உடம்பைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார் ஒருவர். ஆஸ்பத்திரியில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டையை வாங்கிக்கொண்டு, அண்ணனின் கையைத் தூக்கிப் பார்த்தார். கை வரவில்லை.

"கத்தரி இருக்கா?" என்றார்.

"எதுக்கு?" என்றார் தம்பி.

"விறைச்சுட்டாரே. கையை மடக்கி உள்ள விட முடியாது. முதுகை நெடுக வெட்டிட்டு முன்னாலேர்ந்து மாட்டணும். யாரா இருந்தாலும் இப்படித்தான். டெய்லருக்குத் தெரியாதா?"

தெரியாது. தம்பி அதுவரை தைத்ததெல்லாம் கையைத் தூக்கக்கூடியவர்களுக்கு.

"குடுங்க, நானே வெட்டறேன்," என்று தம்பி பாய்ந்தார். அதற்குள் கழுவியவர் சட்டையை உதறி விரித்து, முதுகுப் பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிவிட்டார்.

"அட, தீஞ்சிருக்கே. புதுச் சட்டைன்னீங்க."

தம்பி கூரையைப் பார்த்தார். அண்ணி சட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பரவால்ல, வெட்டுங்க," என்றார்.

கத்தரி காலருக்குக் கீழே நுழைந்து நேராக இறங்கியது. கருகல் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்தது. சட்டையை மாட்டிவிட்டு, அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவதற்காகக் கழுவியவர் பின்கட்டுக்குப் போனார்.

"கோட்டுல இருந்த அதே இடம்," என்றார் அண்ணி.

"ஒரு நூல் தள்ளலை."

"அதை அவர் வைக்கலை தம்பி. நான் வைச்சேன்."

தம்பி திரும்பினார்.

"கல்யாணமாகி வந்த புதுசு. நானும் கடை வேலை பழகலாம்னு பெட்டியைத் தொட்டேன். கோட்டு மேலயே வைச்சுட்டு, பால் பொங்குதான்னு பாக்க ஓடினேன்."

"பொங்குச்சா?"

"இல்ல. பால் அப்படியேதான் இருந்தது."

அண்ணி குனிந்து அண்ணனின் காலரை நீவிவிட்டார்.

"உங்க அப்பா என்னைத் திருப்பி அனுப்பிடுவாரோன்னு இவருக்குப் பயம். அதான் உங்களைக் காட்டினார்."

"அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிடலாம்னு நானும் சொன்னேன். 'சொன்னா அவன் திரும்பி வந்துடுவான்டி. அவன் உள்ள வந்துட்டா என் தையலை எவன் பாப்பான்'னார்."

தம்பி மனதுக்குள் வழக்கை மறுபடி எடுத்து விசாரித்தார். பயத்தில் சொன்ன பொய்யைத் தள்ளிவிடலாம். பயம் போன பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததைத் தள்ள முடியாது. தண்டனை சரியான முதுகுக்குத்தான் போயிருந்தது. ஆனால் பாதி பாதியாக.

சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோத்தார். திரும்பி வந்தவரிடம், "கொஞ்சம் ஒருக்களிச்சுப் பிடிங்க," என்றார்.

"யாரும் பாக்காத முதுகை எதுக்குங்க தைக்கறீங்க? ரெண்டு பக்கமும் அடியில சொருகிட்டா முடிஞ்சது."

"கிழிஞ்ச சட்டையை என் கடையிலேர்ந்து அனுப்பறதில்ல."

பாதியோடு பாதியைப் பொருத்தி, மேலிருந்து கீழே பொறுமையாகத் தைத்துக்கொண்டு வந்தார். அண்ணி குனிந்து, வெட்டு எங்கே இருந்தது என்று விரலால் தடவித் தேடினார். கிடைக்கவில்லை. கருகல் மட்டும் முழுசாக இருந்தது. அண்ணனை மல்லாத்தினார்கள். தோள் இறங்கவில்லை.

"இப்பத் திருப்தியா தம்பி?" என்றார் அண்ணி.

தம்பி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஊசியைப் பத்திரமாகச் செருகினார். பிறகு கழுத்திலிருந்த நாடாவை மெதுவாக உருவினார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க அண்ணி," என்றார்.

அண்ணன் இன்று காலையும் எதிர்க்கடையைத் திறந்து கொட்டாவி விட்டார்; நான் கோத்த நூல் ஊசியிலிருந்து கழன்றது.