அம்மா உட்கார்ந்த பெஞ்சு

அம்மாவின் காரியம் முடிந்த அடுத்த சந்தை நாளன்று, புதுச்சத்திரத்தில் கம்பவுண்டர் அப்புசாமியின் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அம்மா உட்காரும் அதே ஓரம். உள்ளங்கையில் காலியான ஊசி மருந்துக் குப்பி ஒன்று.

எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அம்மாவின் முதுகெலும்பு நொறுங்கியது. சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு உளுத்துப்போயிருக்கிறது என்றார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் டி ஊசி ஒன்றும் எழுதினார்.

"ஒண்ணுதாம்மா. அடுத்தது எப்பன்னு ரத்தம் பாத்துட்டு நான் சொல்றேன். அளவு மீறினா கிட்னியக் கெடுத்துடும்."

அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். டாக்டர் சொன்னதை மறக்காமல் இருந்தேன்.

அப்புசாமி போட்ட முதல் ஊசியில் வலி கொஞ்சம் குறைந்தது. அவனுக்கு அது போதும். சந்தைக்குச் சந்தை போட்டான். ஊசி போடாத வாரம் வைத்தியமே பார்க்காத வாரம் என்று அம்மாவும் நம்பினாள். ஒருமுறை, மெதுவாக, டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, பள்ளிக்கூடத்தப் பாதில உட்டவ எனக்குப் பாடம் நடத்தறயா? சத்து ஊசி சாமி இது. சத்து ஏறி ஆரு செத்தாங்க?"

பெஞ்சே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

பிறகு அடங்காத தாகம், வாந்தி. சோறு இறங்கவில்லை. அதற்கும் அதே ஊசிதான். சேலத்துக்குத் தூக்கிப் போனபோது சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன.

"உனக்கு என்ன புள்ள ஒடம்புக்கு?" காரியம் முடிந்து நான் போய் உட்கார்ந்த அன்று, பெஞ்சில் பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த கமலவேணியக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. இது எங்கம்மாளுக்குப் போட்ட மருந்துங்க."

குப்பியைப் பார்த்தாள். தனக்கென்று அப்புசாமி உடைக்கப்போன குப்பியைப் பார்த்தாள். ஏற்றிவிட்ட ரவிக்கைக் கையை இறக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நான் அப்பறமா வாரேனுங்க."

அடுத்த சந்தைக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும். யாராவது கேட்டால் அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது பெஞ்சில் நான் மட்டும் இருக்கிறேன்.

நேற்று அப்புசாமி வெளியே வந்து நின்றான். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"எத்தன வாரத்துக்குத்தான் புள்ள இப்பிடி வந்து உக்காருவே?"

"எங்கம்மாளுக்கு எத்தன வாரம் போட்டீங்களோ, அத்தன வாரம்ங்க."

எண்ணிப் பார்ப்பதுபோல் அவன் உதடு அசைந்தது. எத்தனை என்று அவனுக்கு நினைவில்லை.

எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.